ஜூஜுவாடி ஏட்டும் இரண்டு குழாய்களும்

மனிதனுடைய தொண்டைக்குள் எத்தனை குழாய் இருக்கிறது என்ற கேள்வி ஓசூர் கோர்ட்டில் முதன்முதலாகக் கேட்கப்பட்டபோது, கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தவர் ஜூஜுவாடி செக்போஸ்ட் ஏட்டு திம்மப்பன். அன்றுவரை அவருக்குத் தொண்டை என்றால் களி இறங்கும் இடம், அதட்டல் கிளம்பும் இடம், அவ்வளவுதான். அதற்குமேல் அதில் விஷயம் இருக்கும் என்று அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

சென்னை ராஜ்யத்தில் அப்போது மதுவிலக்கு. ஜூஜுவாடித் தடுப்புக் கட்டையைத் தாண்டி நடந்தால் மைசூர் ராஜ்யம். அங்கே அத்திப்பள்ளியில் கடை திறந்திருந்தது, அதுவும் நம்ம ஊர்க்காரர்களுக்கு வசதியாக எல்லையைப் பார்த்தே திறந்திருந்தது. காலையில் புளி, ராகி, பூ என்று ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரர்கள் சாயங்காலம் பாட்டோடு திரும்புவார்கள். திம்மப்பன் கட்டையை இறக்கிவிட்டு ஒவ்வொருவரையும் "ஊது" என்பார். ஊதுவார்கள். மோந்து பார்த்து, ஆள் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்வார். இத்தனை வருஷச் சேவகத்தில் சர்க்கார் அவருக்குக் கொடுத்த உருப்படியான ஆயுதம் அவருடைய சொந்த மூக்குதான்.

அந்த மூக்கை நம்பித்தான் கெலமங்கலம் வண்டிக்காரன் ராமப்பன் மேல் கேஸ் போட்டார். ராமப்பன் பக்கம் ஆஜரானவர் வக்கீல் சேஷகிரி ராவ். ஒல்லியான மனிதர், கறுப்புக் கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் கோர்ட்டே அடங்கிவிடும்.

"ஏட்டு, என் கட்சிக்காரர் ஊதினார். வாடை வந்தது. சரி. அந்த வாடை எங்கிருந்து வந்தது?"

"வாயிலேர்ந்துங்க."

"வாய்க்கு எங்கிருந்து வந்தது? வயிற்றிலிருந்தா, நுரையீரலிலிருந்தா?"

திம்மப்பன் யோசித்தார். "உள்ளேர்ந்துங்க" என்றார்.

"உள்ளே என்றால் எந்தக் குழாய் வழியாக? மூச்சுக்குழாயா, உணவுக்குழாயா? குடித்தது ஒரு குழாய், ஊதியது வேறு குழாய் என்றால் ஒன்றுக்கு ஒன்று என்ன சம்பந்தம்?"

"குழாய் ஒண்ணுதானுங்களே சாமி!" என்றார் திம்மப்பன், வெகு நேர்மையாக.

கோர்ட் சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரித்தார். ஏன், கூண்டில் நின்ற ராமப்பனே சிரித்தான். அவன் கண்ட குழாயைவிடத் திம்மப்பன் ஒன்றும் குறைவாகக் கண்டுவிடவில்லை, இருந்தாலும் சிரித்தான். கேஸ் தள்ளுபடி.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். "திம்மப்பன், உன்னால டிபார்ட்மெண்ட் மானம் கப்பலேறிடுச்சு. இன்னொரு வாடைக் கேஸ் இப்படிப் போச்சுன்னா, கையில இருக்கிற பட்டையை அவுத்து மேஜை மேல வெச்சிட்டு கான்ஸ்டபிளா போய் நில்லு."

இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சொன்னவருக்கு அது துணிதான். திம்மப்பனுக்கு அப்படி இல்லை. அவருடைய தகப்பன் கெலமங்கலம் சந்தையில் மூட்டை தூக்கியவர். சந்தைக்கு வந்த சின்னப் பிள்ளைகள்கூட அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள். அதே சந்தையில் இப்போது மகன் நடந்தால், கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு "ஏட்டையா, வாங்க" என்றார்கள். அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்பதற்காகவே திம்மப்பன் தேவையில்லாத நாளிலும் சந்தைக்குப் போவார். பட்டை போனால் அந்தச் சொல் போய்விடும். அதை நினைத்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கியது. கலக்கிய இடத்துக்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை.

தெரிந்துகொண்டே தீருவது என்று ஓசூர் ஆஸ்பத்திரி நர்ஸ் சரோஜம்மாளிடம் போனார். சேலத்துக்காரி, சுறுசுறுப்புக்காரி, பிரசவத்தில் ஊளையிடும் பெண்களை ஒரே பார்வையில் அடக்குகிறவள். அவளிடம் துணியில் ஒட்டிய ஒரு படம் இருந்தது. நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை திறந்து காட்டிக்கொண்டு, முகத்தில் எந்த வருத்தமும் இல்லாமல் ஒரு மனிதன் நின்றிருந்தான்.

"இது என்னாங்க ஏட்டையா?" என்று படத்தில் பிரம்பை வைத்தாள்.

"குடலுங்க."

"அது நுரையீரல். குடலை மார்ல வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளா திருடனைத் துரத்துனீங்களா?"

மீசை நரைத்த மனிதர், கையில் மூன்று பட்டை. முக்காலியில் உட்கார்ந்து பாடம் கேட்டார். தொண்டைக்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது; முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய்; விழுங்கும்போது மூச்சுக்குழாய் வாயில் ஒரு மூடி வந்து படுத்துக்கொள்கிறது என்று அவள் சொன்னபோது திம்மப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"அப்படின்னா அங்கயும் ஒரு செக்போஸ்ட்!" என்றார். "கட்டையை இறக்கறது, தூக்கறது, எல்லாம் நம்மளாட்டமே!"

"உங்களாட்டம் இல்லீங்க. அது தூங்கறதில்ல" என்றாள் சரோஜம்மாள்.

படத்தில் பார்த்தது போதாது என்று கெலமங்கலம் சந்தையில் ஆட்டு ஈரலும் நுரையீரலும் இரைப்பையும் குடலும் குழாயோடு சேர்த்து வாங்கி வந்தார். செக்போஸ்ட் கொல்லையில் உட்கார்ந்து மூச்சுக்குழாயில் வாயை வைத்து ஊதினார். நுரையீரல் இரண்டும் புஸ்ஸென்று உப்பின. "டேய் ஆஞ்சப்பா, வந்து பாருடா! இது காத்துப் பை, வலப்பக்கம் பெருசு, இடப்பக்கம் இதயத்துக்கு இடம் விட்டுச் சின்னது!" என்று கூவினார். அவருக்குக் கீழே வேலை பார்த்த கான்ஸ்டபிள் ஆஞ்சப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டையா, ஊதச் சொல்லி ஊதச் சொல்லி, இப்ப நீங்களே ஊத ஆரம்பிச்சிட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்குப் படிப்பில் நாட்டம் கிடையாது.

ஆட்டு இரைப்பையை அறுத்தபோது மட்டும் திம்மப்பன் கொஞ்சம் குழம்பினார். அது நாலு அறையாக இருந்தது. ஓடிப்போய்ச் சரோஜம்மாளிடம் கேட்டார்.

"ஆட்டுக்கு நாலு. மனுசனுக்கு ஒண்ணுதான்" என்றாள்.

"எல்லா மனுசனுக்குமா? நம்ம தளி வெங்கடப்பருக்கும் ஒண்ணுதானா?"

சரோஜம்மாளே படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தளி வெங்கடப்பன் பெரிய நிலக்காரர். காலிஃப்ளவரும் கோஸும் அவருடைய தோட்டத்திலிருந்து பெங்களூருக்குப் போயின. தாலுகா மதுவிலக்குக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். கமிட்டி எந்த ஊரில் கூடினாலும் முதலில் பந்தி, அப்புறம் பிரசங்கம்.

வீட்டில் திம்மப்பனின் மனைவி நாராயணம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. புருஷன் களி உருண்டையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப மூடி விழுந்துச்சு... இப்ப இரைப்பைக்குப் போகுது... இனிமே சிறுகுடலு..." என்று கூடவே நடந்து வழியனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அய்யோ தேவுடா! தின்னுய்யா பேசாம! களிக்கு வழி தெரியும், நீ ஒண்ணும் கூட்டிக்கிட்டுப் போகாத!" என்றாள்.

ஆனால் மனிதர் படித்துவிட்டார். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், நன்றாகவே படித்துவிட்டார். குடித்தது இரைப்பையில் தங்குவதில்லை. கொஞ்சம் அங்கேயும் மீதி சிறுகுடலிலுமாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து மூச்சோடு வெளியே வருகிறது. கேஸுக்கு வேண்டிய வாடை அதுதான். இது தெரிந்த நாள் அவர் ஊருக்கே ராஜாவாகிவிட்டார். வண்டிக்காரர்கள் வழக்கம்போல் கொய்யா இலையையும் கிராம்பையும் மென்றுகொண்டு வந்தால் உரக்கச் சிரிப்பார். "மென்னுடா, நல்லா மென்னு! இலை போறது ஒரு குழாய், வாடை வர்றது வேற குழாய்!" சரோஜம்மாளிடம் கெஞ்சிப் படத்தையும் வாங்கிவந்து செக்போஸ்ட் சுவரில் மாட்டினார். குடித்துவிட்டு மாட்டிக்கொண்டவனை ஜூஜுவாடி போலீஸ் இப்படித்தான் அறுத்து வைக்கிறது என்று மைசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பேச்சுப் பரவியது. கொஞ்ச நாள் கட்டைப் பக்கம் ஒரு பாட்டும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு சாயங்காலம் வெங்கடப்பன் வந்தார். இரட்டை மாட்டு வில் வண்டி, மெத்தை, திண்டு. வண்டிக்காரன் இறங்கிக் கட்டையைத் தானே தூக்கப் போனான். திம்மப்பன் தடுத்தார்.

"தலைவரு வர்றாருங்க" என்றான் வண்டிக்காரன்.

"வரட்டும். எங்கிருந்து வர்றாரு?"

உள்ளேயிருந்து வெங்கடப்பனே பதில் சொன்னார், நாக்கு கொஞ்சம் தடிப்பாக. "அத்திப்பள்ளிக்குப் போயிருந்தேன் ஏட்டு. குடியால அங்க சனம் எப்படிச் சீரழியுதுன்னு கண்ணால பார்த்துட்டு வர்றேன். அடுத்த கூட்டத்துல பேசணுமில்ல."

அவர் பேசப் பேச வாடை வண்டியை விட்டு இறங்கி வந்தது. ஆஞ்சப்பன் ஏட்டின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். "வேணாங்க ஏட்டையா, கட்டையைத் தூக்கிடலாம்." அவன் சொன்னது புத்தியான வார்த்தை. ஆனால் சுவரில் படம் இருந்தது, தலைக்குள் பாடம் இருந்தது, மூக்குக்கு நேரே கேஸ் இருந்தது. இத்தனை படித்துவிட்டு வண்டிக்காரர்களை மட்டும் ஊதச் சொல்ல திம்மப்பனுக்கு மனம் வரவில்லை. நியாயம் என்று ஒன்று இருந்தால் அது மெத்தை போட்ட வண்டிக்கும் பொதுதானே என்று அவர் உண்மையாகவே நம்பினார். பாவம்.

"தலைவரே, ஸ்வல்ப ஊதுங்க" என்றார்.

வெங்கடப்பன் ஊதினார். கோபத்தில் பலமாகவே ஊதினார். ஏட்டின் மீசை ஆடியது.

இன்ஸ்பெக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஊர்ல ஆளே கிடைக்கலையா உனக்கு? இப்ப பின்வாங்கினா பேப்பர்ல வரும். நீயே போய் ஜெயிச்சுக்க. தோத்தா பட்டையைப் பத்தி நான் சொன்னது ஞாபகமிருக்கில்ல?"

"ஜெயிப்பேனுங்க" என்றார் திம்மப்பன். வாழ்க்கையில் எதைப் பற்றியும் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

கேஸ் வந்த அன்று கோர்ட் வராந்தாவில் இடமில்லை. வெங்கடப்பன் கதரில் வந்து கூண்டுக்குள் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் மறுபடியும் அதே சேஷகிரி ராவ். திம்மப்பன் சுருட்டிய படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூண்டேறினார். கூட்டத்தில் சரோஜம்மாளும் இருந்தாள். மாணவன் பரீட்சை எழுதுவதைப் பார்க்க வந்திருந்தாள்.

வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். "வாடை எங்கிருந்து வந்தது, ஏட்டு?"

திம்மப்பன் படத்தை விரித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கோர்ட்டில் சட்டம் வேலை செய்யவில்லை. வாய், பல், எச்சில், உணவுக்குழாய், இரைப்பை. இந்தப் பக்கம் மூக்கு, குரல்வளை, மூடி, மூச்சுக்குழாய், அதன் இரண்டு கிளைகள், காற்றுப் பைகள். சாட்சியம் எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். வெளியே நின்ற கட்சிக்காரர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால் சாய்ந்தார். "இரு, இரு. சாப்பிட்டதும் எனக்குப் புளிச்ச ஏப்பம் வருதே, அது எந்தக் குழாய்?"

"உணவுக்குழாய்ங்க எஜமான். இரைப்பையில சுரக்கிற புளிப்பு மேல ஏறுது. சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாதுங்க."

"அப்படியா!" என்றார் மாஜிஸ்திரேட், வெகு மரியாதையாக. அதைக் குறித்தும் கொண்டார்.

சேஷகிரி ராவ் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் பாட்டுக் கேட்கிறவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். திம்மப்பன் முடித்ததும் மெல்ல எழுந்தார்.

"அற்புதம், ஏட்டு. ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர் நீங்கள். ஆக, நீங்கள் மோந்தது வயிற்றிலிருந்து வந்த வாடை இல்லை?"

"இல்லீங்க. நுரையீரலுங்க. ரத்தத்துலேர்ந்து வந்தது."

"நிச்சயமாக?"

"சத்தியமாங்க."

"குடித்த பண்டம் ரத்தத்தில் கலக்க வெகு நேரம் ஆகுமோ?"

"சீக்கிரமே கலக்க ஆரம்பிச்சிடுங்க."

"அத்திப்பள்ளியிலிருந்து மாட்டு வண்டி ஆடி அசைந்து ஜூஜுவாடி வருவதற்குள்?"

இந்த இடத்தில் திம்மப்பனுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஆனால் நன்றாகப் படித்த பிள்ளையால் தெரிந்த பதிலை விழுங்க முடியாது. "கலந்திருக்குங்க" என்றார்.

"அப்படியானால் எல்லைக் கட்டையைத் தாண்டியபோது என் கட்சிக்காரருக்குள் சாராயம் இருந்ததா, ரத்தம் இருந்ததா?"

"ரத்தந்தானுங்க. ஆனா ரத்தத்துல..."

"யாருடைய ரத்தம்?"

"அவரு ரத்தந்தான்."

சேஷகிரி ராவ் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "கனம் கோர்ட்டார் அவர்களே! மைசூர் ராஜ்யத்தில் குடித்தால் மைசூர் ராஜ்யத்தில் குற்றமில்லை. சென்னை ராஜ்யத்துக்குள் என் கட்சிக்காரர் கொண்டுவந்தது சாராயம் அல்ல என்று போலீஸே சத்தியம் செய்து, படமும் காட்டிவிட்டது. அவர் கொண்டுவந்தது அவருடைய சொந்த ரத்தம். வெங்கடப்பன் ரத்தத்தை வெங்கடப்பன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக லைசன்ஸ் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?"

திம்மப்பன் வாயைத் திறந்தார். மூச்சுக்குழாய் திறந்திருந்தது, குரல்வளை திறந்திருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. சரோஜம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றுமே தெரியாதபோது ஒரு வண்டிக்காரனைத்தான் விட்டார். எல்லாம் தெரிந்தபோது மதுவிலக்குக் கமிட்டித் தலைவரையே விட்டார். கேஸ் தள்ளுபடி. மாஜிஸ்திரேட் எழுந்து போகும்போது, சாப்பிட்டபின் எவ்வளவு நேரம் படுக்கக் கூடாது என்று ஏட்டிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரமே பட்டையை அவிழ்த்தார்கள். நூலைப் பிரித்த இடத்தில் சட்டைத் துணி மட்டும் வெளுக்காமல் புதுசாக இருந்தது. அந்தப் பட்டை ஆஞ்சப்பன் கைக்குப் போனது. அவன் ஒன்றும் படிக்காததால் அவன் மேல் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியவில்லை. வெங்கடப்பன் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். கெலமங்கலத்தில் கமிட்டிக் கூட்டம் போட்டு, குடியினால் ஈரலும் குடலும் கெடுவதைப் படம் காட்டிப் பேசும்படி திம்மப்பனையே மேடையேற்றி, கையோடு ஒரு மாலையும் போட்டார். "வா திம்மப்பா, நல்லாப் பேசு!" என்று முதுகில் தட்டினார். கூட்டம் முடிந்து சந்தை வழியாக நடந்தபோது ஒரு தராசும் கீழே இறங்கவில்லை. "என்னாப்பா திம்மப்பா" என்றார்கள். அவர் வீடு வந்து சேரும்வரை அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதார். நாராயணம்மா களிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று ஒன்றும் திட்டாமல் இருந்தாள்.

லீவு போட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு பிற்பகல் திம்மப்பன் எல்லையைத் தாண்டினார். அத்திப்பள்ளிக் கடையில் பலகை மேல் உட்கார்ந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை.

"ஏன் பேக்கு சாமி?" என்றான் கடைக்காரன், என்ன வேண்டும் என்று கன்னடத்தில்.

"எல்லாரும் கேக்கறது எதுவோ அது" என்றார்.

ஒரே மடக்கில் குடித்தார். மூடி விழுந்தது. உணவுக்குழாய் எரிந்தது. இரைப்பை ஒருமுறை புரண்டு படுத்தது. வழி முழுக்க அவருக்கு மனப்பாடம். அந்த வழியில் இத்தனை நாளாகப் பாடத்தில் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த சரக்கை இப்போதுதான் நேரில் பார்த்தார். அப்படி ஒன்றும் பிரமாதமாக இல்லை. இதற்காகவா என் பட்டை போயிற்று என்று ரொம்ப வருத்தமாக இருந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தார்.

திரும்பி நடந்தபோது வழியில் கொய்யா மரம் நின்றது. ஓர் இலையையும் பறிக்கவில்லை. இலையால் பயனில்லை என்று அந்தத் தாலுகாவுக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தவிர, அவருக்கு மாட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. யாராவது ஒருவர் அவரை நிறுத்தி, மோந்து, "குடிச்சிருக்க, வா ஸ்டேஷனுக்கு" என்று சொன்னால் போதும். அந்த மூக்குக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்று ஆகும், தான் படித்ததும் பொய்யில்லை என்று ஆகும்.

கட்டையருகே ஆஞ்சப்பன் நின்றிருந்தான், புதுப் பட்டையோடு. திம்மப்பனைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கினான்.

"இறக்குடா" என்றார் திம்மப்பன். "ஊதச் சொல்லு."

"எதுக்குங்கண்ணே? போங்க."

"ஊதச் சொல்லுன்னா சொல்லு!"

அவன் சொல்லவில்லை. அவரே கிட்டே போனார். நெஞ்சு நிறைய, வலப்பக்கத்துப் பெரிய நுரையீரலும் இடப்பக்கத்துச் சின்ன நுரையீரலும் காலியாகும்வரை, ஆஞ்சப்பன் முகத்தில் ஊதினார்.

ஆஞ்சப்பன் கண்ணை இறுக்கி மூடித் திறந்தான்.

"வாடை வருதா, வரலையா?"

"வருதுங்கண்ணே. நல்லாவே வருது." அவன் பார்வை சுவரில் மறுபடி மாட்டியிருந்த படத்துக்குப் போய், தன் கைப்பட்டைக்குத் திரும்பியது. "ஆனா எங்கிருந்து வருதுன்னு கோர்ட்ல கேட்டா நான் என்னா சொல்றது? எனக்குப் பட்டை வேணுங்கண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க."

கட்டையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தான். திம்மப்பன் குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு சென்னை ராஜ்யத்துக்குள் நடந்தார்.